தெளிந்த போத்தல் எல்லாம் சுத்தமான போத்தல் அல்ல

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

மேடையில் பத்து நிமிடத்தில் சொன்னதைச் சற்று விரித்து எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே இதை உங்களிடம் நேரில் பேசுவதாகவே எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் திசு வளர்ப்பும் கிருமிகளும். "தோட்டப் பள்ளியிலே இதெல்லாம் எதுக்கு டீச்சர்?" என்று நீங்கள் கேட்கலாம். செடியை நம்பிப் பிழைக்கும் மலை இது. செடி எங்கிருந்து வருகிறது, நோய் எப்படி வருகிறது என்பதை நம் பிள்ளைகள் அறியாமல் வேறு யார் அறிவது?

திசு வளர்ப்பு என்றால் என்ன?

தேயிலைக் கன்று உண்டாக்கும் விதத்தை உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியைக் கேட்டால் சொல்வார்கள். நல்ல தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள துண்டை வெட்டி, மண் நிரப்பிய பையில் ஊன்றி, நிழற்பந்தலின் அடியில் வைத்தால் வேர் பிடிக்கும். தாய் எப்படியோ பிள்ளையும் அப்படியே. திசு வளர்ப்பும் இதே வித்தைதான். ஆனால் துண்டு மிகச் சிறியது. சில வேளை குண்டூசித் தலையைவிடச் சிறியது. மண்ணுக்குப் பதிலாகப் போத்தல், உரத்துக்குப் பதிலாகச் சத்துக்கூழ்.

அந்தக் கூழ் நமக்குப் புதிது அன்று. பெருநாளுக்கு வீட்டில் செய்யும் அகார்-அகார் இருக்கிறதே, அதேதான் அடிப்படை. அதில் செடிக்கு வேண்டிய உப்புகள், வைட்டமின், வளர்ச்சி ஊக்கிகள், சீனி எல்லாம் சேரும். 1962-ஆம் ஆண்டில் முராஷிகே, ஸ்கூக் என்ற இரு அறிஞர்கள் வெளியிட்ட அளவுப் பட்டியலைத்தான் இன்றும் உலகம் முழுவதும் பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் பின்பற்றுகின்றன. அதில் லிட்டருக்கு 30 கிராம் சீனி. போத்தலுக்குள் மங்கிய வெளிச்சத்தில் இருக்கும் சின்னஞ்சிறு திசு தனக்கு வேண்டிய உணவைத் தானே சமைக்க முடியாது. ஆகவே சீனியை நாம் ஊட்டுகிறோம்.

இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. சீனியும் ஈரமும் இளஞ்சூடும் செடிக்கு மட்டுமா பிடிக்கும்? பூசணத்துக்கும் பாக்டீரியாவுக்கும் அது கல்யாண விருந்து. நல்ல உணவும் சூடும் கிடைத்தால் சில வகைப் பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பெருகும். 10 மணி நேரத்தில் 30 தடவை இரட்டிக்கிறது. பிள்ளைகளே, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்று 107 கோடியாகிறது! போத்தலுக்குள் இவ்வளவு வேகம் இருக்காதுதான். ஆனாலும் செடி ஓர் இலை விடுவதற்குள் கிருமி ஊரையே கட்டிவிடும்.

நாட்டில் இருந்த நட்பு, போத்தலில் பகை

கிருமி என்றாலே கெட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஆர்கிட் விதையைப் பாருங்கள். தூள் மாதிரி இருக்கும். உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது. காட்டில் அது முளைக்க ஒரு பூஞ்சை உதவ வேண்டும். இதை 1899-இல் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார் கண்டுபிடித்தார். பிறகு 1922-இல் அமெரிக்கப் பேராசிரியர் லூயிஸ் நட்சன், பூஞ்சை செய்யும் வேலையைச் சீனியே செய்யும் என்று காட்டினார். கிருமியில்லாத போத்தலில் சீனிக்கூழ் வைத்து ஆர்கிட் விதையை முளைக்க வைத்தார்.

இந்த முறை நம் பக்கத்துக்கும் சீக்கிரமே வந்தது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ஹோல்ட்டம் என்ற இயக்குநர் 1928-இல் ஆர்கிட் கலப்பின வேலையைத் தொடங்கி, போத்தல்களில் கன்றுகளை வளர்த்தார். 1931-இல் முதல் கலப்பினம் பூத்தது. இந்த வட்டாரத்தின் ஆர்கிட் வணிகத்துக்கு அந்தப் போத்தல்களே தொட்டில்.

ஆனால் சீனியை ஊற்றிய அன்றே பழைய நட்பு முறிந்துவிட்டது. காட்டில் பூஞ்சையும் ஆர்கிட்டும் ஒன்றையொன்று கட்டுக்குள் வைத்துக்கொண்டு வாழும். போத்தலில் சீனி குவிந்து கிடக்கிறது. ஒரே ஒரு பூசண வித்து உள்ளே விழுந்தாலும் விதையை மூடிக் கொன்றுவிடும். எனவே "கிருமியைக் குறைப்போம்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. அறவே இருக்கக் கூடாது.

ஐந்து போத்தல் கதை

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளோடு ஒரு சிறு சோதனை செய்து பார்த்தோம். ஐந்து கண்ணாடிப் போத்தல்களில் அகார்-அகாரும் கொஞ்சம் சீனியும் இறைச்சிச் சாறும் ஊற்றி, கொதிநீரில் அரை மணி நேரம் வேகவைத்து மூடினோம். ஒன்றைத் திறக்கவேயில்லை. இரண்டாவதை அரை மணி நேரம் திறந்து வைத்தோம். மூன்றாவதில் கழுவாத விரல். நான்காவதில் சவர்க்காரம் போட்டுக் கழுவிய விரல். ஐந்தாவதில் ஒரு பத்துக் காசு.

நான்காம் நாள் வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவதில் பச்சைப் பூசணம். மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் மஞ்சளும் வெள்ளையுமாகக் கொப்புளங்கள். நான்காவதில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. திறக்காத போத்தல் மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பத்தாம் நாள் அதிலும் ஒரு வெண்புள்ளி! "டீச்சர், இதைத் தொறக்கவே இல்லியே, எப்படி வந்துச்சு?" என்று ஒரு மாணவி கேட்டாள். இந்த விழாவின் சிறந்த கேள்விக்குப் பரிசு இருந்தால் அவளுக்கே கொடுத்திருப்பேன். (போத்தல்களை மீண்டும் திறக்காமல் பையில் கட்டி அப்புறப்படுத்தினோம். வீட்டில் செய்பவர்களும் திறந்து முகர வேண்டாம்.)

அவள் கேள்விக்குப் பதில் சொன்னால், கிருமி ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும் வாசல்கள் எல்லாம் தெரிந்துவிடும். அவை ஐந்து.

ஐந்து வாசல்கள்

முதல் வாசல் செடியே. மண்ணில் வளர்ந்த வாழைக்கன்று கோடிக்கணக்கான கிருமிகளைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. மேல்பட்டைகளை உரித்து, சவர்க்கார நீரில் கழுவி, நம் வீட்டுக் குளோராக்ஸில் இருக்கும் அதே மருந்தில் ஊறவைத்து, கிருமி நீக்கிய நீரில் பல முறை அலசுவார்கள். மருந்து குறைந்தால் கிருமி பிழைக்கும். கூடினால் செடி சாகும். கைப்பக்குவம் இங்கே வேண்டும்.

இரண்டாவது வாசல் கூழும் பாத்திரமும். திறக்காத போத்தலில் வந்த வெண்புள்ளிக்குக் காரணம் இதுதான். பாசிலஸ் என்ற பாக்டீரியா இனம், கெட்ட காலம் வந்தால் தடித்த ஓடு போட்டுக்கொண்டு தூங்கும். அந்த உறங்கும் வித்துக்குக் கொதிநீர் ஒரு பொருட்டல்ல. அதிலும் நாம் இருப்பது கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலே. ரிங்லெட்டில் தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை. 96 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். ஆகவே ஆய்வுக்கூடங்களில் அழுத்தக் கலத்தைப் பயன்படுத்துகிறார்கள். அது பெரிய பிரஷர் குக்கர். 121 பாகை செல்சியஸ், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், 15 முதல் 20 நிமிடம். உள்ளே இருக்கும் காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும். போத்தல்களை நெருக்கி அடுக்கக் கூடாது. மலைநாட்டில் இன்னொரு கவனமும் தேவை. வெளிக்காற்றின் அழுத்தம் இங்கே குறைவு. ஆகவே அழுத்தமானியின் முள் 15-ஐக் காட்டினாலும் உள்ளே சூடு 121-க்கு இரண்டொரு பாகை குறைவாக இருக்கும். முள்ளை மட்டும் நம்பாமல் வெப்பமானியைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வாசல் காற்று. கேமரன் மலையின் ஈரக் காற்றைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? பள்ளிச் சப்பாத்தை ஒரு வாரம் மூலையில் போட்டால் பச்சை பிடிக்கிற ஊர் இது. காற்றில் பூசண வித்துகள் எப்போதும் மிதந்துகொண்டிருக்கின்றன. திசுவை வெட்டி மாற்றும் மேசையில், நுண்வடிகட்டி வழியாகச் சலித்த காற்று வேலை செய்பவரின் பக்கமாகச் சீராக வீசிக்கொண்டே இருக்கும். 0.3 மைக்ரோன் அளவுத் துகளில் நூற்றுக்கு 99.97 பங்கை அந்த வடிகட்டி பிடித்துவிடும். அதாவது 10,000 துகள் வந்தால் 3 மட்டும் தப்பும். ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் திறந்த போத்தலுக்கு மேலே கையை நீட்டினாலோ, பக்கத்து ஆளிடம் "மத்தியானம் என்ன சாப்பாடு?" என்று கதை பேசினாலோ அத்தனை பொறியும் வீண்.

நான்காவது வாசல் கையும் கத்தியும். கையை 70 விழுக்காடு ஆல்கஹாலால் துடைப்பார்கள். 95 விழுக்காடு இன்னும் பலமாயிற்றே என்று தோன்றும். அப்படி இல்லை. கிருமியின் புரதம் கெட்டுப்போக நீரும் வேண்டும். நீர் கலந்த 70 விழுக்காடே நன்றாகக் கொல்லும். ஆனால் அந்த 70 விழுக்காட்டிலும் பாசிலஸ் வித்து சாகாது. கத்தியை ஆல்கஹாலில் தோய்த்தால் போதும் என்று இருந்துவிட்டால், ஒரு போத்தலின் வித்து ஆல்கஹால் குவளையில் இறங்கி, அங்கிருந்து அன்று தொட்ட போத்தல்களுக்கெல்லாம் ஏறிவிடும். ஆகவே கத்தியைக் கடுஞ்சூட்டில் காய்ச்ச வேண்டும்; குவளை ஆல்கஹாலை அடிக்கடி மாற்ற வேண்டும்.

ஐந்தாவது வாசல் பூச்சி. கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன்களும் இலைப்பேன்களும் மூடியின் இடுக்கு வழியே உள்ளே ஊர்ந்து போகும்; கால்களில் பூசண வித்தைச் சுமந்துகொண்டு போத்தலுக்குப் போத்தல் நடக்கும். பூந்தோட்டத்தில் நின்றுவிட்டு அதே சட்டையோடு வளர்ப்பறைக்குள் போகக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

மறைந்திருப்பது

இதுவரை சொன்னது கண்ணில் படும் எதிரி. பூசணம் பெரும்பாலும் ஒரு வாரத்தில் முகத்தைக் காட்டிவிடும். அந்தப் போத்தலைத் திறக்காமல் அழுத்தக் கலத்தில் வேகவைத்து எறிந்துவிட்டால் முடிந்தது. இதைவிடக் கடினம், மறைந்திருப்பது.

செடியின் உள்ளே, உயிரணுக்களின் நடுவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. வெளியே எத்தனை முறை கழுவினாலும் அவற்றைத் தொட முடியாது. மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு ஒரு நாள் செடியின் அடியில் பால் தெறித்த மாதிரி ஒரு மங்கலாக வெளிப்படும். அதற்குள் என்ன நடந்திருக்கும்? திசு வளர்ப்பில் ஒரு செடியை மூன்றாகப் பிரித்து, சில வாரம் கழித்து மறுபடி மூன்றாகப் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டுச் சுற்றில் 6,561. முதல் செடியின் உள்ளே ஒரு கிருமி இருந்தால் 6,561 போத்தலிலும் அது இருக்கும். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பார்கள். இங்கே குடமும் பெருகுகிறது, விஷமும் பெருகுகிறது. எதிருயிரி மருந்து போட்டால் தீராதா என்றால், பெரும்பாலும் அது கிருமியை அடக்கி வைக்குமே ஒழிய அழிக்காது. மருந்தை நிறுத்தியதும் மறுபடி எழும். ஆகவே தொடக்கத்திலேயே செடியின் அடித்துண்டை வெட்டி, பாக்டீரியாவுக்குப் பிடித்த உணவில் தடவிப் பார்த்து, சுத்தமான தாயை மட்டும் பெருக்குவதுதான் வழி.

அதையும் தாண்டிய எதிரி வைரஸ். அது கூழில் வளராது. பால் மங்கல் கிடையாது, பூசணம் கிடையாது. போத்தல் பளிங்கு மாதிரி இருக்கும், செடியும் பசுமையாக இருக்கும். இந்த உரைக்கு நான் இட்ட தலைப்பின் பொருள் இதுதான்.

பழனி மலை சொல்லும் பாடம்

பழனிக்குப் போய் வந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அங்கிருந்து பஞ்சாமிர்தம் கொண்டுவந்து எல்லாருக்கும் ஒரு கரண்டி கொடுப்பார்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. அதன் பேர்போன பழம் விருப்பாட்சி என்ற மலைவாழை. கீழ்ப்பழனி மலைச்சாரலிலும் சிறுமலையிலும் விளைவது. சுளையில் நீர் குறைவு, மணம் அதிகம்.

அந்த வாழைக்கு முடிக்கொத்து நோய் வந்தது. இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கும். மரம் குலை தள்ளாது. 1889-இல் பீஜித் தீவில் முதலில் பதிவான நோய் இது. 1913-இல் இலங்கையில் காணப்பட்டு, 1940-ஐ ஒட்டிக் கேரளத்தில் நுழைந்தது. இதைப் பரப்புவது வாழை அசுவினி என்று 1920-களில் ஆஸ்திரேலியாவில் மகீ என்ற அறிஞர் காட்டினார். ஆனால் அசுவினி பறக்கும் தூரம் கொஞ்சம்தான். மலை தாண்டி, கடல் தாண்டி நோயைக் கொண்டுபோனது மனிதன். நன்றாக இருக்கிறதென்று நம்பி எடுத்துப்போன கன்றுக்குள் அது ஒளிந்து போயிற்று. ஒரு காலத்தில் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிப் போனது. எத்தனை குடும்பத்தின் அடுப்பு அணைந்திருக்கும், எண்ணிப் பாருங்கள்.

அழிந்த வாழையை மீட்க உதவியதும் திசு வளர்ப்பே. வளர்முனையின் நுனியில், மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு அளவில், வைரஸ் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். 1952-இல் பிரான்சில் மொரேல், மார்த்தன் என்ற இருவர், நோயுற்ற டாலியாச் செடியின் நுனியை வளர்த்து நோயற்ற செடியை உண்டாக்கிக் காட்டினார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் மலைவாழையில் வைரஸ் சோதனை செய்து, நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளை மலை உழவர்களிடம் கொண்டு சேர்த்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய சொல் 'சோதனை'. நுனியை வெட்டினால் மட்டும் வைரஸ் போய்விடாது. போயிற்றா என்று பார்க்க வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020-இல், நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே பி.சி.ஆர். சோதனை, அந்த வகைச் சோதனைதான் வாழைக்கும். இந்தியாவில் 2006 முதல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்குச் சான்றிதழ் முறை ஒன்று நடப்பில் இருக்கிறது. திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் அந்தச் சோதனைகளைச் செய்யும் இடங்களில் ஒன்று. சோதிக்காத தாய்க்கன்றை ஒருவர் பெருக்கினால், திசு வளர்ப்பே நோயை ஊர் ஊராகக் கொண்டுபோகும் வண்டியாகிவிடும். பழைய காலத்தில் ஒரு கன்று பத்துப் பிள்ளை ஈனும். இங்கே ஒரு கன்று ஆயிரங்களை ஈனுகிறது. நல்லதும் ஆயிரம், கெட்டதும் ஆயிரம்.

நமக்கு என்ன?

மாணவச் செல்வங்களே, திசு வளர்ப்புக் கூடத்தில் கத்தி பிடிப்பவர்கள் எல்லாரும் பெரிய பட்டதாரிகள் அல்லர். பல இடங்களில் பள்ளிப் படிப்பு முடித்த பெண்களே அந்த மேசைகளில் அமர்ந்திருக்கிறார்கள். கொழுந்து கிள்ளிப் பழகிய கைக்கு இரண்டு இலை ஒரு மொட்டு தெரியும். அந்த நிதானம் அங்கேயும் செல்லும். ஆனால் விரல் நுணுக்கம் மட்டும் போதாது. ஒவ்வொரு போத்தலிலும் தேதி, தாய்ச்செடியின் எண், வெட்டியவரின் எண் எழுத வேண்டும். பத்துப் போத்தல் கெட்டால் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் எந்த வாசல் திறந்திருந்தது என்று கண்டுபிடிப்பார்கள். ஒரே ஆளின் போத்தல்கள் கெட்டால் கையோ கத்தியோ காரணம். ஒரே நாள் காய்ச்சிய கூழ் எல்லாம் கெட்டால் அழுத்தக் கலம். ஒரே தாயின் பிள்ளைகள் கெட்டால் செடி.

அடியில் லேசான மங்கல் தெரிகிற போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் யோசிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொன்னால் "உன் கையிலேதான் கெட்டுச்சு" என்று ஏச்சு விழும். சொல்லாமல் பின்வரிசையில் வைத்துவிட்டால் இன்றைக்குத் தப்பிக்கலாம். ஆனால் அடுத்த சுற்றில் அது மூன்று, பிறகு ஒன்பது. கடைசியில் எங்கோ ஓர் உழவன் கடன் வாங்கி நட்ட கன்று பட்டுப்போகும். அவன் அவளைப் பார்த்ததும் இல்லை, பார்க்கப் போவதும் இல்லை. ஆனாலும் அவனுடைய பிழைப்பு அவள் அந்த ஒரு நிமிடம் எடுக்கும் முடிவில் இருக்கிறது.

ஆகவே மேற்பார்வையாளர்களாக வரப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். கெட்ட போத்தலை எடுத்துக் காட்டுகிறவளை ஏசாதீர்கள், நன்றி சொல்லுங்கள். ஏசுகிற இடத்தில் போத்தல்கள் ஒளிந்துகொள்ளும். பெற்றோர்களே, இது வீட்டுக்கும் பொருந்தும். "டீச்சர் கணக்குல எனக்கு இது புரியல" என்று பிள்ளை வந்து சொன்னால் அடிக்க ஓங்காதீர்கள். அது கெட்ட போத்தலை எடுத்துக் காட்டுகிற நேர்மை. நான்காம் ஆண்டில் சொன்னால் சரிசெய்துவிடலாம். ஆறாம் ஆண்டு வரை ஒளிந்திருந்தால் ஒன்று ஒன்பதாகி இருக்கும்.

இன்று பரிசு பெற்றவர்களுக்கு என் வாழ்த்து. பெறாதவர்களுக்கும் சேர்த்து ஒரு வேலை தருகிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் சவர்க்காரம் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து, இருபது வரை எண்ணிக் கை கழுவுங்கள். எண்ணி முடிப்பதற்குள் "போதும்டா" என்று மனம் சொல்லும். சொன்னாலும் எண்ணி முடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத வேலையை ஒருவரும் பார்க்காதபோதும் முழுதாகச் செய்கிறவன் எந்தக் கூடத்துக்குப் போனாலும் நம்பி வேலை கொடுப்பார்கள்.